மகாராணிக்கு வைத்த கூண்டு

கூட்டத்தில் இருந்த மற்ற நாய்களெல்லாம் பிடிபட்டுவிட்டன. மகாராணி மட்டும் சிக்கவில்லை.

அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்து நிலத்து ஆட்டுக்காரர். பக்கத்தில் கோழிப் பண்ணை வைத்திருப்பவள் அவள்; ஆட்டுக்காரர் அவளுடைய கணவருக்குச் சித்தப்பா மகன், அவளுக்குக் கொழுந்தன். நெடுஞ்சாலை ஓரத்தில் நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்ததிலிருந்து நாய்கள் பெருகின. குப்பையில் ஒன்றும் கிடைக்காத நாட்களில் கூட்டமாக வயல்வெளிக்குள் இறங்கின. அவருடைய பட்டியில் குட்டிகளைக் கடித்துப் போட்டன. இவளுடைய கோழிப் பண்ணையில் வலைக்கு அடியில் மண்ணைப் பறித்து நுழைந்து, தின்றது கொஞ்சம், கொன்றது அதிகம் என்று ஒரு கொட்டகையையே காலி செய்தன. கூட்டத்துக்கு முன்னால் நடப்பது பழுப்பு நிறத்தில், காது நுனி கிழிந்த ஒரு பெட்டை. ஆள் வந்தால் மற்றவை தலைதெறிக்க ஓடும். அது ஓடாது. நின்று பார்த்துவிட்டு, இங்கே இருந்தது போதும் என்று தானாக முடிவு செய்ததைப் போல நடந்து போகும்.

"நடையைப் பாருங்க அண்ணி, மகாராணி ஊர்வலம் போறாங்க," என்றார் கொழுந்தன். கையிலிருந்த கல்லை எறிய மறந்துவிட்டிருந்தார்.

பேர் வைத்த அதே வாயால் விஷம் வைக்கப்போவதாகவும் சொன்னார். புதிதாக வாங்கிய ஆடுகள் வந்து இறங்குவதற்குள் அது தொலைய வேண்டும். இல்லையென்றால் இறைச்சியில் மருந்தைத் தடவி வேலியோரமெல்லாம் போட்டுவிடுவார். முன்பு யாரோ அப்படிப் போட்டதில் காக்கைகள் செத்தன, கீரி செத்தது, கடைசியில் அவளுடைய பண்ணையைக் காத்த கிழட்டு நாய் நுரை தள்ளியபடி அவள் காலடியில் வந்து விழுந்தது. எதற்காக வைத்தார்களோ அந்த நாய் மட்டும் சாகவில்லை.

"கொஞ்சம் பொறு தம்பி. நானே பிடிச்சுக் குடுக்கறேன்."

"நீங்களா? ஒரு கோழி பிடிக்கவே ஆள் கூப்பிடுவீங்க!"

"கோழிக்கு ஓடணும். இதுக்கு உக்காந்திருந்தா போதுமாம்."

"அப்ப சரி. அது உங்களுக்கு நல்லா வரும்," என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொன்னது கால்நடை மருத்துவமனையிலிருந்து கூண்டு கொண்டுவந்த பெண். முழங்கை வரை பழைய கடித் தழும்புகள். மற்ற நாய்கள் கூண்டுக்குள்ளிருந்த மிதிபலகையில் கால் வைத்துக் கதவு விழுந்து மாட்டிக்கொண்டன. மகாராணி அதையெல்லாம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. தன் முறை வந்தபோது பலகையைத் தாண்டிக் குதித்து, ஈரலைக் கவ்விக்கொண்டு, வந்த வழியே தாண்டிப் போய்விட்டது.

"இதுகிட்ட அவசரம் ஆகாது அக்கா," என்றாள் கூண்டுக்காரப் பெண். "கதவைத் தூக்கிக் கம்பியால கட்டிடுங்க. முதல்ல தட்டைக் கூண்டுக்கு வெளியே வைங்க. பழகினதும் வாசல்ல. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா உள்ளே தள்ளுங்க. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே தட்டு. பயமில்லாம உள்ளே போய் நின்னு சாப்பிட ஆரம்பிச்சதும் எனக்குப் போன் பண்ணுங்க. கதவுல கயிறு கட்டி இழுத்து மூடிக்கலாம்."

"நம்ப வச்சுக் கழுத்தறுக்கச் சொல்ற."

"கழுத்து இல்ல அக்கா, வயிறு. இனிமே குட்டி போடாம இருக்கச் சின்னதா ஒரு தையல். அப்புறம் காப்பகத்துல வச்சுச் சாப்பாடு போடுவோம்."

கணவரிடம் இதைச் சொன்னபோது, "வேண்டாத வேலை," என்றார். அவருக்கு அதுவே நீளமான பேச்சு. பம்பு மோட்டார் பழுது பார்ப்பவர். நிலத்தின் அடுத்த கோடியில் அவருடைய பட்டறை. இயந்திரங்களோடு இருந்து இருந்து அவற்றுக்கு வேண்டிய அளவு வார்த்தைதான் அவரிடம் மிச்சம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். காலையில் "சாவி" என்பார். மதியத்துக்கு "டப்பா" என்பார். சாயங்காலம் "சோப்பு." மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் கேட்கும் பேச்சில் பாதி, அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது. கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, குரல் ஓங்கியதில்லை. ஓங்குவதற்குக் குரல் என்று ஒன்று இருந்தால்தானே, என்று அவள் மகளிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சொல்லிவிட்டுப் போனை வைத்தபிறகு அது வேடிக்கையாக இருக்காது.

அவள் தட்டு வைத்தாள். உடைந்த முட்டைகளை வேகவைத்து வைத்தாள், ஈரல் வாங்கி வைத்தாள். மகாராணி சாயங்காலத்தில் வந்து மரத்தடியில் உட்காரும். தட்டைப் பார்க்கும், அவளைப் பார்க்கும், முன்கால்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். பிறகு எழுந்து போய்விடும். முட்டையைக் காக்கைகள் தின்றன. தட்டு கூண்டுக்கு வெளியேயே கிடந்தது.

மறுபடி வந்த கூண்டுக்காரப் பெண் தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வயித்தைப் பாருங்க. முதுகு எப்படி மினுக்குது பாருங்க. இதுக்குப் பசியே இல்ல. யாரோ நல்லா சாப்பாடு போடுறாங்க. அதை நிறுத்தாம நம்ம பருப்பு வேகாது."

யார்? அவள் முதலில் போய் நின்றது கொழுந்தனின் பட்டியில்.

"ஏன் தம்பி, வீட்டுல மிச்சம் மீதியை வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டறீங்களா?"

அவர் அப்படியே நின்றார். "அண்ணி, நான் விஷம் வைக்கப் போறவன். அதுக்கு முன்னாடி உடம்பைத் தேத்தி விடுவேனா?"

பக்கத்தில் தீவனம் அள்ளிக்கொண்டிருந்த அவர் மனைவி, "எனக்கே மிச்சம் இருக்கறதில்ல அக்கா. அவ்வளவையும் இவரே முடிச்சுடறார்," என்றாள்.

சிரித்துவிட்டு வந்தாள். வீட்டில் கழுவுவதற்காகக் கணவரின் அடுக்கு டப்பாவைத் திறந்தாள். எப்போதும்போலச் சுத்தமாகக் காலியாகி இருந்தது. கையில் டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

எப்போதும்போல இல்லை. இந்தச் சில மாதங்களாகத்தான். அதற்கு முன் காயை ஓரமாக ஒதுக்குவார், பாதியைத் திருப்பிக் கொண்டுவருவார். டப்பா காலியாக வரத் தொடங்கியபோது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! வெளியே சொல்லவில்லை. ஆனால் சமையலில் கை தாராளமாயிற்று. ஒரு கரண்டி கூட வைத்தாள், முட்டையை இரண்டாக்கினாள். வாயால் சொல்லத் தெரியாதவர் வயிற்றால் சொல்கிறார் என்று நினைத்து, அடுப்படியில் தனியாக நின்று வெட்கப்பட்டிருக்கிறாள்.

மறுநாள் மதியம், கேட்டால் சொல்வதற்கு மோர்ப் பாத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியாகப் பட்டறைக்குப் போனாள். பின்சுவருக்கு அருகே வந்ததும் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நின்றாள்.

"இரு, இரு. சூடா இருக்கு, ஆறட்டும். நாக்கு வெந்துட்டா அப்புறம் யார்கிட்ட போய் அழுவ? இது என்ன முதுகுல, முள்ளு? எந்த வேலியில நுழைஞ்ச? காட்டு. காட்ட மாட்டியா? சரி, உன் இஷ்டம். நான் யாரு உன்னைக் கேக்க."

சுவரோரமாக எட்டிப் பார்த்தாள். கவிழ்த்த எண்ணெய்த் தகரத்தின்மேல் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். மகாராணி ஒரு கை தூரத்தில் நின்று, டப்பா மூடியில் வைத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.

"இன்னிக்கு உப்பு கம்மி, இல்ல? அவளுக்கு மனசு சரியில்ல போல. ரெண்டு நாளா மொகமே நல்லால்ல. என்னன்னு விசாரிக்கணும்."

அவள் திரும்பி நடந்தாள். வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து, கொண்டுபோன மோரைத் தானே குடித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு ஒன்று; அதற்குப் பெயர் தெரிந்தும் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. காது கிழிந்த ஒரு தெருநாயின்மேல் பொறாமை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். அது தேய்ந்து தீர்ந்துபோய்விட்டது என்று நம்பித்தான் இத்தனை வருடமும் கணக்கு வழக்கில்லாமல் அவரை மன்னித்து வந்தாள். தீரவில்லையாம். பத்திரமாக இருக்கிறதாம், பட்டறையில்.

விசாரிக்கணும் என்றாரே. அன்று சாயங்காலம் அவர் வந்து குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவும்போது பக்கத்திலேயே நின்றாள்.

"துண்டு," என்றார்.

துண்டைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள். "நான் மத்தியானம் பட்டறைக்கு வந்தேன். பாத்தேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. காது மடல் வரை சிவந்துபோனார். திருட்டு வெளிப்பட்டதற்காக இல்லை என்று அடுத்த கேள்வியில் தெரிந்தது.

"கேட்டுச்சா?"

"இல்ல. தூரத்துல நின்னேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. கேட்டது என்றால் அவர் அப்புறம் அங்கேயும் பேசமாட்டார் என்று தோன்றியிருக்கலாம்.

"நீங்க சாப்பாடு போடற வரைக்கும் அது கூண்டுக்குள்ள போகாது," என்றாள். "போகலைன்னா தம்பி விஷம் வைப்பான். வேகமாச் சாகாது. நான் பாத்திருக்கேன்."

அவர் துண்டை மடித்தார். அதைப் பிரித்து மறுபடி மடித்தார். "கூண்டை அங்க கொண்டு வா. நான் வைக்கறேன்."

கூண்டு பட்டறைக்குப் போனது. அவர் தகரத்தைக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, டப்பா மூடியை முதலில் வாசலில் வைத்தார். மகாராணி அவர் முகத்தைப் பார்த்தது, தின்றது. அடுத்த நாள் மூடி உள்ளே போனது, தலையும் உள்ளே போனது. அதற்கு அடுத்த நாள் வால் மட்டும்தான் வெளியே. சாயங்காலம் கொழுந்தன் வந்து, நாளை விடிந்தால் ஆடுகள் வந்துவிடும், இறைச்சி சொல்லியாகிவிட்டது என்று சொல்லிப் போனார். அடுத்த மதியத்துக்கு மிஞ்சி இல்லை என்று அவள் தவணை வாங்கினாள்.

மறுநாள் கூண்டுக்காரப் பெண் விடிகாலையிலேயே வந்து கம்பியை அவிழ்த்துக் கதவுக்குக் கயிறு கட்டிவிட்டு, தன் வாசனை இருக்கக்கூடாது என்று வண்டியோடு சாலைக்குப் போய்விட்டாள். கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் கையை அசைத்தால் நாய் மிரளும். ஆகவே கயிற்றின் நுனி, பின்சுவருக்கு இந்தப் பக்கம் அவள் கையில்.

மதியம் மகாராணி வந்தது. அவள் இல்லை என்ற நினைப்பிலோ, இருக்கிறாள் என்பதை மறந்தோ, அவர் பேசத் தொடங்கினார்.

"வந்தாச்சா. லேட்டு. வெயிலா? எனக்கும்தான். போ, உள்ள போ, உனக்குன்னுதான் வச்சிருக்கு. பயப்படாத. நான் இங்கதானே இருக்கேன்."

அது உள்ளே போனது. வால் உள்ளே போனது. இழுக்க வேண்டும்.

"மெதுவாத் தின்னு. யாரும் பிடுங்க மாட்டாங்க. நாளைக்கு வேற இடம், வேற தட்டு. முதல்ல ஒரு மாதிரி இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். இவ இந்த வீட்டுக்கு வந்தப்ப பத்து நாள் சரியாவே சாப்பிடல. நான் பாத்துட்டேதான் இருந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு வாக்கியம், என்று நினைத்தாள். இன்னும் ஒன்று. மூடியில் சோறு குறைந்துகொண்டே வந்தது. நாக்கு மூடியைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. மகாராணி தலையைத் தூக்கிப் பின்கால் ஒன்றை வாசல் பக்கம் நகர்த்தியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை மாற்றினால் நாய் பாய்ந்துவிடும். ஆகவே அதே குரலில், அதே மெதுவில், காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"போதும்மா. இழுத்துடு தங்கம். பயப்படாம இழு."

இழுத்தாள்.

கதவு விழுந்தது. மகாராணி ஒரு தடவை கம்பியில் மோதி, இன்னொரு தடவை மோதி, அப்புறம் சுருண்டு மூலையில் ஒண்டிக்கொண்டது. அவள் ஓடி வந்தபோது அவர் சட்டையைக் கழற்றிக் கூண்டின்மேல் போர்த்திக்கொண்டிருந்தார். வெளிச்சம் மறைந்ததும் உள்ளே மூச்சு மட்டும் கேட்டது. இருவரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

அவர் கேட்டார். "ஏன் அவ்வளவு நேரம்? கயிறு மாட்டிக்கிச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்ல. நீங்க பேசினதைக் கேட்டுட்டு நின்னேன்."

அவர் கூண்டையே பார்த்தார். பனியன் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. "நாய்கிட்ட பேசறது சுலபம்," என்றார். "பதில் பேசாது."

"நானும் பதில் பேசாம இருந்து பாக்கறேன்."

"நீயா?"

கேட்டுவிட்டு அவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டைக்கு அடியில் மகாராணி அசைந்தது. சாலையிலிருந்து வண்டி வாய்க்கால் பாலத்தில் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் கொழுந்தனைப் போனில் அழைத்து, இறைச்சியை வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடச் சொன்னாள். மகாராணி எப்படிப் போறாங்க, நடந்தா, என்று மறுமுனையில் அவர் கேட்டார். பல்லக்குல, என்றாள்.

"தூக்கு," என்றார் கணவர், ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி. பிறகு, "பாத்து. கனமா இருக்கும்."

அவள் மறு பக்கத்தைப் பிடித்தாள். கனமாகத்தான் இருந்தது.