மூத்தவர் கையெழுத்து

கனடாவிலிருந்து குமரகுரு வந்து இறங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அகல்யாவுக்குப் பதினோரு வருடம் போல இருந்தது.

அவர் அவள் கணவன் மதனின் அண்ணன். நாமக்கல் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டியவர், இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கனடா போய், அங்கேயும் பரீட்சை எழுதி வக்கீலானார். புதிதாக வந்து சேர்கிறவர்களுக்குக் குடியுரிமை மனு எழுதிக் கொடுத்தே பேர் வாங்கினார். பிறகு அரசியல் ஆசை பிடித்துக்கொண்டது. அங்கே நகர மன்றத்துக்கு நான்கு முறை நின்று ஒரே ஒரு முறை ஜெயித்தார். கடைசியாக இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றதும், நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் தனக்கு ஓர் ஊர் இருப்பது திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது.

ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு. ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்து, ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, மேட்டுத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவள் அகல்யா. தலைவர் பதவிக்கு நிற்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. யாரும் சொல்லித் தோன்றவில்லை. சத்தீஸ்கரில் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த மதன் போனில் சரி என்றான். சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம். அதே போனில் அண்ணனையும் கூப்பிட்டுச் சொல்லித் தொலைத்தான்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம், முந்நூறு தகரப் பலகை அடித்தது. பலகையில் அகல்யா படம் உள்ளங்கை அளவு. பக்கத்தில் கோட்டு சூட்டோடு அவர் படம், கீழே ‘கனடா மாநகர மன்ற முன்னாள் உறுப்பினர்’ என்று கொட்டை எழுத்து. அந்த ஊரில் ஆதரவாளர்கள் தங்கள் வாசலில் இப்படி நட்டுவைப்பார்களாம். இந்த ஊரில் எந்த வீடு எந்தப் பக்கம் என்பதை ஓட்டுப்பெட்டிக்கு முன்னால் நிற்கும் வரை யாரும் வெளியே காட்டுவதில்லை. கேட்காமல் கொள்ளாமல் வாசல்வாசலாக நட்டதில் மூன்று வீடுகளில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. பாதிப் பலகை பிடுங்கப்பட்டுக் கோழிக் கூண்டுக்குக் கதவாகிவிட்டது.

“மாமா, இத்தோட நிறுத்திக்குங்க. ஊட்டுக்கு ஊடு போயி நானே கேட்டுக்கறனுங்க.”

“அம்மிணி, நாலு எலெக்‌ஷன் பாத்தவன் நான். நீ பேசாம இரு.”

மூன்றில் தோற்றவர் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள்.

வேட்புமனுவில் அடுத்த சிக்கல் வந்தது. முன்மொழிபவராக அந்த ஊராட்சி வாக்காளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல காரியம் எதுவானாலும் அந்தக் குடும்பத்தில் மூத்தவர் கைதான் முதலில் படவேண்டும். மாமியார் வள்ளியாத்தாள் மனுவைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்துப் பெரிய மகனிடம் நீட்டிவிட்டாள்.

“மாமா, உங்களுக்கு இங்க ஓட்டு இருக்குதுங்களா?” என்றாள் அகல்யா.

“லிஸ்ட்ல பேர் இருக்குது, பாத்துக்க.”

இருந்தது. கணக்கெடுக்க வருகிறவர்களிடமெல்லாம், “என்ற பையன் ஊர்லதான் இருக்கறான்” என்று சொல்லிச் சொல்லி வள்ளியாத்தாள் காப்பாற்றி வைத்திருந்த பெயர்.

“அதில்லீங்க மாமா. நீங்க கனடாக்காரரா ஆயிட்டீங்கல்ல, அப்பறம் எப்படிச் செல்லும்?”

“வக்கீலு நானா, நீயா?”

அவர் கையெழுத்துப் போட்டார், இங்கிலீஷில், வளைத்து வளைத்து. அகல்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கு முன்னால் மூத்தவரை எதிர்த்துப் பேசினால் ஓட்டும் போகும், வீடும் இரண்டுபடும். மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள். மனு கொடுக்கக் கடைசி நாள் மதியம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், நூறுநாள் வேலைக்குப் போகும் மேட்டுத் தெரு ஆத்தாயியை ஸ்கூட்டரில் ஏற்றிப்போய், அவள் கையெழுத்தோடு இன்னொரு மனுவும் கொடுத்தாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பரிசீலனை அன்று எதிர் வேட்பாளர் யுவஸ்ரீயின் மாமனார் சின்னண்ணன் ஒரு தகரப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதை அதிகாரியின் மேசைமேல் சாய்த்து வைத்தார்.

“சார், கனடாவுல மெம்பரா இருந்தாருன்னு அவுங்களே எழுதியிருக்கறாங்க. அந்த நாட்டுக் குடிமகனா இல்லாம அங்க நிக்கமுடியுமுங்களா? அப்பறம் இங்க எப்புடிங்க ஓட்டு?”

அதிகாரி குமரகுருவைப் பார்த்தார். “உங்ககிட்ட இந்தியப் பாஸ்போர்ட் இருக்குதுங்களா?”

ஆயிரம் பேருக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்த மனிதர் பலகையில் இருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் மனு தள்ளுபடியானது. ஆத்தாயி கையெழுத்துப் போட்டிருந்த மனுவை அதிகாரி இரண்டு முறை படித்து, ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். “இவரு பேரை நீக்கச் சொல்லி இன்னைக்கே மனு குடுத்துருங்க, இல்லாட்டி வழக்காயிரும்” என்று அதிகாரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் அகல்யா பொரிந்து தள்ளினாள். “அஞ்சு வருசம் அலைஞ்சதெல்லாம் உங்க ஒரு கையெழுத்துல போயிருக்குமுங்க மாமா! தெரியாமப் போட்டீங்களா, தெரிஞ்சே போட்டீங்களா?”

“தெரிஞ்சுதான் அம்மிணி” என்றார் அவர். “அங்க ஒவ்வொரு எலெக்‌ஷன்லயும் எவனாச்சும் ஒருத்தன் உன்ற நாட்டுக்கே போடாம்பான். இங்க லிஸ்ட்டப் பாத்தனா, குமரகுரு, அப்பா பேரு அப்புசாமி, கதவு நம்பர் நாலுன்னு இருந்துது. கை சும்மா இருக்கல.”

அவளுக்கு ஐயோ என்றிருந்தது. கோபம் மட்டும் ஒரு பொட்டும் குறையவில்லை. உள்ளே வாங்கி வந்திருந்த பெயர் நீக்கும் படிவத்தை எடுத்து ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்தாள்.

ஊரார் எத்தனை பேருக்கோ படிவம் நிரப்பிய குமரகுருவின் கை பெயர், கதவு எண் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதியது. காரணம் கேட்ட இடத்தில் நின்றது. இறந்துவிட்டார். இடம் பெயர்ந்துவிட்டார். இந்தியக் குடிமகன் அல்ல. ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டும். பேனா முதல் கட்டத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கியது.

காற்றில் பறக்காமல் காகிதத்தின் ஓரத்தை அகல்யா விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அடிச்சிருங்க மாமா” என்றாள். “அஞ்சு மணிக்கு ஆபீஸ் பூட்டிருவாங்க.”