எதுவும் நகரவில்லை

சாய்கலுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது நரீன் நகரப் பேருந்து நிறுத்தத்தில் நான்கு பேர் அவளைக் காருக்குள் இழுத்துப் போட்டார்கள். அன்று மாலையே அவள் அவர்களில் ஒருவனான தோக்தோசுனின் மனைவியானாள். அவளைப் பெற்றவர்கள் வந்து பார்த்தார்கள். இனி இதுதான் உன் வீடு என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துத் திரும்பினார்கள். மருந்தியல் படிப்பு அதோடு நின்றது.

பல வருடங்கள் கழித்து, கல்குவாரியில் வெடி முந்திக்கொண்டதில் தோக்தோசுனின் இரண்டு கண்களும் போயின. தெருவே அவளுக்காக அழுதது. அவள் அழவில்லை.

முதலில் முக்காலியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அவன் தடுக்கி விழுந்தான்.

"இதை யாரு நகர்த்துனா?"

"எதுவும் நகரல. உங்களுக்குத்தான் நெனப்பு தப்புது."

பிறகு சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டினாள். கைத்தடியை அடுப்புக்குப் பின்னால் ஒளித்தாள். பனி விழத் தொடங்கியபோது, "சாய்கல், கதவு எந்தப் பக்கம்?" என்று குழந்தைபோல் கேட்கும் நிலைக்கு அவன் வந்திருந்தான். அந்தக் குரலைக் கேட்க அவளுக்குத் தித்தித்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவளுடைய பொருள்களும் காணாமல் போகத் தொடங்கின. சாவி மாவு மூட்டைக்குள் கிடந்தது. அணைத்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தனக்குத்தான் புத்தி பிசகுகிறதோ என்று நடுங்கினாள். ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் திரும்பியவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தோக்தோசுன் உதட்டுக்குள் அடிகளை எண்ணியபடி, சுவரைத் தடவாமல் நேராக நடந்து, அவளுடைய முக்காட்டுத் துணியை மாவுக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"நான் பாத்துட்டேன்" என்றாள் உள்ளே வந்து.

"எதை?" அவன் புன்னகைத்தான். "எதுவும் நகரலையே."

அடுத்த வாரம் அவன் தம்பி மெலிஸ் காரோடு வந்தான்.

"அண்ணி, வீடு எரிஞ்சிருக்குமாமே. வாங்க, டாக்டர்கிட்ட போலாம்."

"அடுப்பைப் பத்தவெச்சது உங்க அண்ணன்தான். பழி வாங்குறார். முக்காலியை முதல்ல நகர்த்துனது நான். சர்க்கரையில உப்பு போட்டதும் நான்தான்."

மெலிஸ் அண்ணனைப் பார்த்தான்.

"பாத்தியாடா, இவ எப்படிப் பேசுறாள்னு" என்றான் தோக்தோசுன் கரகரத்த குரலில். "கண்ணு தெரியாதவனைப் போய் சொல்றா. பாவம், அவளைத் திட்டாதே."

மனநல மருத்துவமனையில் அவள் அதே உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல மாத்திரை கூடியது. கை நடுங்கியது, நாக்கு தடித்தது. பனி உருகும் காலத்தில், தான் எதையும் நகர்த்தவில்லை, கணவரும் நகர்த்தவில்லை, எல்லாம் தன் கற்பனை என்று ஒப்புக்கொண்டாள். மருத்துவர் மகிழ்ந்து கைகுலுக்கினார்.

"குணமாயிட்டீங்க. உங்க வீட்டுக்காரர் தினமும் போன் பண்ணி விசாரிச்சார். தங்கமான மனுஷன்."

வாசலில் மெலிஸின் கார் நின்றது. பின் இருக்கையில் தோக்தோசுன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.