சின்னவ இருக்கட்டும்

"கூட யார் இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்," என்றார் டாக்டர், இரண்டு மருமகள்களோடு வந்திருந்த மாமியாரிடம்.

"சின்னவ இருக்கட்டும்."

மூத்தவள் வெளியே வந்தாள். வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் கால் பிடித்துவிட்டவள் இவள். நேற்று வந்தவளுக்கு உள்ளே நாற்காலி. கதவோரம் காதை வைத்தாள். நர்ஸ் கதவை இறுக்கிச் சாத்தினாள்.

பஸ்ஸில் ஓரகத்தியைக் குடைந்தாள். "டாக்டர் என்னடி சொன்னாரு?"

"அத்தையைக் கேளுங்கக்கா."

கேட்டாள்.

"போன தடவை உன்கிட்டதான் சொன்னேன்," என்றார் மாமியார். "மறுநாளே உங்கம்மா போன் பண்ணி என் மூலத்தை நலம் விசாரிச்சாங்க."

மூத்தவள் வெடுக்கென்று ஓரகத்தி பக்கம் திரும்பினாள். சின்னவள் சிரித்திருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம். அவளோ எதுவுமே காதில் விழாதவள்போல ஜன்னலைப் பார்த்திருந்தாள். அதுதான் இன்னும் எரிந்தது.