தூணுக்குப் பதில் நின்றவள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கடைசியில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும். ஒரு வீட்டின் கதை சொல்கிறேன். கடைத்தெரு முனையில் இருக்கும் தையற்காரர் வீட்டை அவர் பெண்டாட்டி தோளில் தாங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்துக்கு அவள் மூத்த மருமகள்.

வீடு அவளைவிட எத்தனையோ தலைமுறை மூத்தது. முழுக்க மரச்சட்டம். இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல், சட்டத்துக்குள் சட்டம் செருகி, மர ஆப்பு அடித்து இறுக்கியது. இடைவெளிகளில் களிமண் அப்பியது. மேல்மாடி தெருப்பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே தையல் கடை, கடைக்கு நட்டநடுவில் ஒரு தூண். துணி வெட்டப் பெரிய மேஜை போட வேண்டும், தூண் இடிக்கிறது என்று கொழுந்தன் தச்சரை அழைத்து வந்தான். தூணைக் கழற்றிய பிறகுதான், மாற்று உத்திரம் பட்டறையிலேயே கிடப்பது தச்சருக்கு நினைவு வந்தது. காலி டம்ளர்களை எடுக்க வந்த மருமகளிடம், "கொஞ்சம் தோள் குடுங்கம்மா, இதோ வந்துடறேன்" என்றார். கொடுத்தாள். போன வழியில் தச்சருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து அப்படியே போய்விட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள், பிறகு பழகிப்போனது. நின்றபடியே காஜா எடுத்தாள், பட்டன் தைத்தாள், மகளுக்குத் தலை பின்னினாள், தூங்கினாள். கடை சாத்தும்போது புருஷன் போர்வை போர்த்திவிடுவார், கெட்டவர் இல்லை. தைத்து முடித்த சட்டைகளை அவள் முழங்கையில் மாட்டினார்கள். கொழுந்தனுக்குக் கல்யாணமானபோது இரண்டாவது மாடி எழும்பியது, அதற்கு மேல் பரண், பரணுக்கு மேல் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு தடவையும் கொழுந்தன் வந்து, "அண்ணி, தாங்குவீங்களா?" என்று கேட்பான். "எழுப்புங்க, பாத்துக்கலாம்" என்பாள். கேட்டானே என்பதிலேயே பாதிக் கனம் இறங்கிவிடும். மகள் புகுந்த வீட்டுக்குப் போன அன்று வாசல்வரை போக முடியாமல், கடைக் கண்ணாடியைத் தெருப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிப் பார்த்தாள். தலை நரைத்தது. காலை மடக்கி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் மேலே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்கும். அப்படியே நின்றுகொண்டிருப்பாள்.

கொழுந்தன் மகனுக்கு மூன்றாவது மாடி வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தார்கள். அவர் விரல் முட்டியால் அவள் தோளைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "நல்ல பழைய மரம், செல்லரிக்கலை. இன்னும் ரெண்டு மாடி தாங்கும்" என்றார். கொழுந்தன் தலையாட்டினான். அண்ணி பக்கம் திரும்பவில்லை.

அவள் புருஷனைக் கூப்பிட்டாள்.

"மேல இருக்கறவங்களை எதையாவது பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"கால் வலிக்குது. உக்காரப் போறேன்."

வீடு என்ன ஆகும் என்று கேட்கத்தான் அவர் வாயெடுத்தார். வீங்கியிருந்த அவள் கணுக்காலைப் பார்த்தார். கேட்காமல் படியேறினார்.

அவள் மேஜையோரமாக, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெல்ல உட்கார்ந்தாள். வீடும் உட்கார்ந்தது. மூலைத் தூண்களெல்லாம் முட்டியை மடக்கிக்கொண்டன. ஓர் ஆப்பும் தெறிக்கவில்லை, சுவரில் மண் உதிரவில்லை, மேலே அடுப்பில் இருந்த பால்கூடச் சிந்தவில்லை. இறங்கி வந்த உத்திரம் அவள் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டு நின்றது. இன்ஜினியர் தவழ்ந்து வெளியே போனார்.

இன்றைக்கும் அந்த வீடு அப்படித்தான் இருக்கிறது. வாடிக்கைக்காரர்கள் குனிந்து நுழைந்து, படுத்துக்கொண்டு அளவு கொடுக்கிறார்கள். சட்டை நன்றாகத்தான் பொருந்துகிறது. மேல்மாடிக்காரர்கள் ஜன்னல் வழியாகவே தெருவில் இறங்கிவிடுகிறார்கள். மூன்றாவது மாடிப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

உட்கார்ந்த அன்றே அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் கொழுந்தன்தான், முட்டி போட்டு நகர்ந்து. அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அண்ணி, எப்போ எழுந்திருப்பீங்க?" என்று கேட்டான்.

"இப்பத்தானே உக்காந்தேன்" என்றாள். இன்னும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டு உத்திரங்கள் உறுதியாக இருக்கட்டும் கண்ணுகளா. அவற்றின் கீழே நிற்கும் யாருக்கும் கால் கடுக்காமல் இருக்கட்டும். பானை நிறைந்து, விளக்கு அணையாமல், நல்லபடியாக இருங்கள்.