பதினான்காவது பூ

ரவூப்புக்குப் பூ என்றால் மல்லியும் ரோஜாவும்தான். அதற்கு மேல் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். கள்ளக்குறிச்சியில் இருபத்தைந்து வருடமாகப் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மனிதர். முந்நூறு நிறங்களின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், செடியில் இருக்கும் நிறத்தை மட்டும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். அவர் மனைவி மாஹிரா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வருடா வருடம் ஐப்பசியில் மூன்று நாள் கல்வராயன் மலையில் நடந்து, கண்ணில் படும் பூவெல்லாம் இன்ன பூ என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதாவிட்டால் அவளுக்கு அது ஒரு வருடமே இல்லை.

கூட நடப்பதாகச் சொல்லித்தான் ரவூப்பும் ஒவ்வொரு முறையும் கிளம்புவார். முதல் நாள் நடப்பார். இரண்டாம் நாள் முழங்கால் வலி என்று வெள்ளிமலையில் எடுத்த அறையிலேயே தங்கிவிடுவார். வலி கொஞ்சம்தான், கடை ஞாபகம்தான் ஜாஸ்தி.

வராத மனுஷனுக்கும் பூவைக் காட்ட மாஹிரா ஒரு வழி வைத்திருந்தாள். பார்க்கிற பூவையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். ஒவ்வொரு போட்டோவுக்கும் பின்னால் ஒரு குரல் பதிவு வரும். இதழ் எத்தனை, இலை எப்படி, பேர் என்ன என்று வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்திச் சொல்வாள். ரவூப் ஒன்றையும் திறந்து பார்ப்பதில்லை, ஒன்றையும் கேட்பதில்லை. வந்து விழுந்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைத் தட்டிவிடுவார். லாரி டிரைவருக்கும் அதுதான், கடைக்கு வரும் பெயிண்டர்களுக்கும் அதுதான், பெண்டாட்டிக்கும் அதுதான்.

“பார்த்தீங்களா?” என்று சாயங்காலம் ஆசையாகக் கேட்பாள்.

“பார்த்தேனே, சூப்பர்” என்பார். ஏழெட்டு வருடமாக இந்தப் பொய் யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருடமும் இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு அவள் தனியாகத்தான் போனாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். அன்றைக்கென்று பெயிண்ட் ஏற்றி வந்த லாரி உளுந்தூர்பேட்டையில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. ரவூப் காலையெல்லாம் போனும் கையுமாக இருந்தார். நடுவில் மாஹிராவின் பூக்கள் வந்து விழுந்தன, இவரும் கட்டைவிரலைத் தட்டித் தட்டி அனுப்பினார். ஒன்றரைக்கு மழை பிடித்தது. எங்காவது ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுப் படுத்தார். கண் விழித்தபோது மணி நாலரை. மழை விட்டிருந்தது. மாஹிரா வந்திருக்கவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது.

எந்தப் பக்கம் போனாள் என்றாவது தெரியட்டும் என்று அப்போதுதான் படங்களைத் திறந்தார். மொத்தம் பதினான்கு. முதல் பதின்மூன்றும் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக எடுத்தவை. பதினான்காவது வெள்ளைப் பூ. ஈரப் பாறையில் ஒட்டி நின்ற அதை, தரையில் மல்லாந்து கிடந்து எடுத்ததுபோல் மேலே வெறும் வானம் தெரிந்தது. அதன் குரல் பதிவைத் தட்டினார்.

“ஏங்க, வழுக்கி வுழுந்துட்டேன். வலது காலு ஒடைஞ்சிருக்கும் போல, ஊனவே முடியல. பள்ளத்துல ஓடை ஓரமா கெடக்கறேன். போன் பண்ணா போவல, இது மட்டுந்தான் போவுது. இன்னா எடம்னு சொல்லத் தெரியல எனக்கு. தலைக்கு மேல இந்தப் பூ இருக்குது. அங்க மலைக்காரங்க யார்னா இருந்தா காட்டிக் கேளுங்க. சீக்கிரம் வாங்க.”

பதினொன்று நாற்பதுக்கு வந்திருந்தது. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அவருடைய கட்டைவிரல் போயிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் பக்கத்தில் இருந்தன.

ரவூப் சமையற்கட்டுக்கு ஓடினார். விடுதியில் சமைக்கும் வேடியப்பன் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன்.

“வேடியப்பா, இது இன்னா பூன்னு பாருப்பா. எங்க பூக்கும்? சொல்லுப்பா.”

வேடியப்பன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். “காசித்தும்ப தான் பாய். மல பூரா கெடக்குது. ஆனா செவப்பாத்தான் பூக்கும், இது வெள்ளையா இருக்குதே.” விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. “வெள்ள ஒரே எடத்துல தான் பாய். ஆட்டுப்பாறைக்குக் கீழ. இன்னிக்குப் பேஞ்ச மழைக்கு அந்த ஓடை…” என்றவன் முடிக்காமல் கயிறு எடுக்கப் போனான். தம்பி தங்கதுரையையும் கம்பளியோடு வரச் சொன்னான்.

முக்கால் மணி நேர நடை. ரவூப்புக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. தடத்தின் இரண்டு பக்கமும் காசித்தும்பை பூத்துக் கிடந்தது. ஆயுளில் முதல் தடவையாக அவர் ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டு போனார். எல்லாம் சிவப்பு. வெள்ளையாக ஒன்று, ஒன்றே ஒன்று கண்ணில் காட்டு என்று அல்லாஹ்விடம் கெஞ்சிக்கொண்டே போனார்.

வெள்ளைப் பூ இருந்தது. அதன் காம்புவரை கலங்கல் தண்ணீர் ஏறியிருந்தது. காலையில் கணுக்காலளவு ஓடிய ஓடை மதியம் மழையில் பள்ளத்தை நிரப்பிவிட்டிருந்தது. மாஹிரா கொஞ்சம் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் சிக்கியிருந்தாள். வேடியப்பன் கயிற்றைப் பிடித்து இறங்கிப்போய்த் தொட்டுப் பார்த்தான்.

“உசுரு இல்ல பாய்” என்றான். 

கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, அண்ணனும் தம்பியும் தூக்கிக்கொண்டார்கள். அவள் கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய போன் நனையாமல் இருந்தது. ரவூப் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். மேட்டில் ஏறியதும் அந்தப் போனுக்கு சிக்னல் கிடைத்தது. அடுத்த நொடி அவர் சட்டைப் பையில் இருந்த போன் கூவியது. மாஹிரா அனுப்பிய குரல் பதிவு. பன்னிரண்டு மணிக்குப் பேசி, போகாமல் நின்றுபோனது. தட்டினார்.

“ஏங்க, நீங்க பார்த்துட்டீங்கன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சி. இப்பத்தான் மேல ரெண்டு பொம்பளைங்க வெறகு தூக்கினு போனாங்க. கூப்டலாமான்னு பார்த்தேன். பாவம், தலைச்சுமைய வச்சிக்கினு எப்பிடி எறங்குவாங்க. அதான் நீங்க வந்துகினு இருக்கீங்களேன்னு வுட்டுட்டேன். மழ வர்ற மாதிரி இருக்குது, கொட எடுத்துக்குங்க.”

முன்னால் போன வேடியப்பன் நின்று திரும்பினான். “அம்மா கொரலா அது?”

ரவூப் ஈரத் தடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நான் பாக்கல மாஹிரா” என்றார். “ஒண்ணக்கூடப் பாக்கல.”