கரபாவில் தண்ணீர் இருக்கிறது

செய்லாத் துறைமுகத்தின் தெற்கு வாசலில் என் தேநீர்க் கொட்டகை இருக்கிறது. மேட்டுநிலத்து ஹராரிலிருந்து வரும் ஒட்டகக் கூட்டம் எதுவானாலும் என் அடுப்புப் புகையைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டேன். இப்போது ஒரு கூட்டமும் வருவதில்லை. பக்கத்துத் துறையான ஜிபூத்தியில் பிரெஞ்சுக்காரன் ரயில் விட்டுவிட்டான். காப்பிக்கொட்டையும் தந்தமும் உட்கார்ந்த வாக்கில் கடலுக்குப் போய்ச் சேருகின்றன. போன மாதம் வரை சுமைகூலிக்காரர் நாலு பேருக்கு இஞ்சித் தேநீர் ஊற்றி, மிச்ச நேரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நாள் தவறாமல் உச்சிவெயிலில் வாசலுக்கு வெளியே ஒரு மரமணி கேட்கும். டொக், டொக். ஒரு பக்கம் விரிசல் விட்ட மணி. அதன் சத்தத்தை ஆயிரம் ஒட்டகத்துக்கு நடுவிலும் அடையாளம் சொல்வேன். அது என் தம்பி ரோப்லேயின் முன்னோடி ஒட்டகத்துடையது. அந்த மணி என் கொட்டகைத் தூணில்தான் தொங்கியது. அதன் நாக்கில் கந்தல் துணியை இறுகச் சுற்றிக் கட்டியவளும் நான்தான். இருந்தும் கேட்கும். பிறகு ஒரு குரல், தொண்டை வறண்டு:

"அக்கா, செய்தி என்ன?"

ஏழு வருடம் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தேன்.

ரோப்லே கூட்டங்களை நடத்திக் கொண்டுபோகும் காப்பாளன். அவன் பேரைச் சொன்னால் வழியில் எந்தக் குலத்தானும் சரக்கில் கை வைக்க மாட்டான். ஏழு வருடத்துக்கு முந்தி, கடைசியாக மேட்டுநிலத்துக்குப் புறப்பட்டபோது என் அடுப்படியில் உட்கார்ந்து லஹோ அப்பத்தை நெய்யில் தோய்த்துக்கொண்டே சொன்னான்.

"வர்றப்ப சரக்கை ஜிபூத்திக்குத்தான் இறக்கப் போறேன்க்கா. அங்க தீர்வை பாதிதான். கப்பல் கரைக்கிட்டயே நிக்குது. இங்க இடுப்பளவு தண்ணில மூட்டையத் தலைல வச்சு நடக்கணும்."

"போடா போ. பிரெஞ்சுக்காரன் தலைப்பாகைத் துணி குடுத்தானாமே, நீ தலையவே குடுத்துட்டு வா."

"உனக்கு உன் மூக்கு அறுந்தாலும் பரவால்ல, ஜிபூத்திக்குச் சகுனம் கெடணும்!"

"ஆமாண்டா, கெடட்டும். முந்தாநேத்து வரைக்கும் நண்டு ஓடின மணல் திட்டு அது. அதுக்கு நீ சலாம் போடு."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து, கையில் ஒட்டியிருந்த நெய்யை என் கன்னத்தில் தடவிவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பியே எங்கள் துறையை விட்டுப் போனால், நாளைக்கு எவன் வருவான்? ஊரில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் பாதை இரட்டைக் கருவேலத்தடியில் பிரிகிறது. இடப்பக்கம் ஜிபூத்தி. அந்த வழிக்குத் தனான் கிணறு. வலப்பக்கம் செய்லா. இந்த வழிக்குக் கரபா கிணறு. கோடையில் எந்தக் கிணற்றில் தண்ணீரோ அந்தத் துறைக்கு அந்த மாதம் வியாபாரம். துறைக்கு ஒரு வெள்ளைக்காரனாகக் கொடி நட்டுக்கொண்டு என்னென்னவோ எழுதிக்கொண்டார்கள். ஒட்டகத்துக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது.

ரோப்லே திரும்ப வேண்டிய நேரத்தில் ஒரு நாள் ஆடு ஓட்டி வந்த பெண்கள் செய்தி கொண்டுவந்தார்கள். கரபா சரிந்து மூடிவிட்டது, சொட்டுத் தண்ணீர் இல்லை. தனானில் மழை பெய்து கிணறு வாய்வரை நிற்கிறது. மறுநாள் கேல்லே வந்தான். நாலு ஆடு வைத்திருக்கும் அப்பாவி. மனைவி வீட்டுக்கு மலை வழியாக மேலே போகிறவன். இறங்கி வரும் ரோப்லேயின் கூட்டத்தை எப்படியும் கருவேலத்தடியில் சந்திப்பான். எங்களில் வழியில் பார்த்த இருவர் சலாமுக்கு அடுத்துச் செய்தி கேட்டாக வேண்டும், கேட்டதைச் சொல்லியாக வேண்டும். பொய்ச் செய்தி சொன்னவன் கையால் எவனும் அப்புறம் பால் வாங்கிக் குடிக்க மாட்டான்.

"செய்தி என்னக்கா?" என்றான் கேல்லே, குவளையை ஊதிக்கொண்டே.

"நல்ல செய்திதான். கரபாவில தண்ணி கைக்கு எட்டுது. பாவம், தனான்தான் இடிஞ்சு கெடக்குதாம்."

இரண்டு பெயரை இடம் மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன்.

கொலைகாரியில்லை நான். கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். எந்தக் கூட்டமும் பாதித் தோல்பையாவது தண்ணீர் வைத்திருக்கும். கரபாவில் ஏமாந்தாலும் நாக்கு வறள இரண்டு நாள் நடந்தால் நான் நிற்பேன். எட்டுக் கழுதையில் தண்ணீர் ஏற்றி, ஒரு நாள் தூரத்துக்கு எதிர்கொண்டு போவதாக முடிவு செய்திருந்தேன். வைவான், குடிப்பான், சிரிப்பான். சரக்கு செய்லாவில் இறங்கும்.

கணக்குப் போட்ட நாளில் கழுதைகளோடு போனேன். இரண்டு நாள் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அனல்காற்றில் முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு கரபா வரை நடந்தேன்.

ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு உயிர் இருந்தது. ரோப்லே சரிந்த கிணற்றின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே செத்திருந்தான். தோண்டித் தோண்டி விரல் நகங்கள் போயிருந்தன. ஒட்டகத்தின் கழுத்திலிருந்து கழற்றிய மணி மடியில் கிடந்தது. பிழைத்தவன் ஒருவன் வாயில் துணியை நனைத்து வைத்தேன். மெல்லக் கண் திறந்தான்.

"தண்ணிப்பை எங்கடா? பாதியாவது இருக்குமே!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கருவேலத்தடில ஒரு குடும்பம், கைக்குழந்தையோட. அவங்களுக்கு ஊத்திட்டாரு. எல்லாத்தையும். நெறஞ்ச கிணத்துக்குத் தண்ணி சுமக்கிறவன் கஞ்சன்னு சிரிச்சாரு."

இந்தச் சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். நானே எத்தனையோ பேரை அப்படிக் கேலி செய்திருக்கிறேன். கணக்குப் போட்டபோது அது நினைவில் வரவில்லை.

"நாங்க ஜிபூத்தின்னுதான் சொன்னோம். கேல்லே சொன்ன சேதிய நம்பல. 'எங்கக்கா சொன்னதுன்னா அது பொய்யா இருக்காது'ன்னு அவருதான் ஒட்டகத்தைத் திருப்பினாரு."

மரத்தடியில் பெரியவர்கள் கூடினார்கள். கேல்லே குர்ஆன்மேல் கை வைத்து, "அம்பரோ அக்காதான் சொன்னாங்க" என்றான். கருவேலத்தடியிலும் கேல்லே அப்படித்தான் சொன்னான் என்றான் பிழைத்தவன். என்னைக் கேட்டார்கள். தேநீர் குடித்தான், கிணற்றைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை என்றேன். ஒரு பெரியவர் எழுந்து, "கூடப் பொறந்தவ தம்பியக் கொல்லுவாளா? பழியப் போட வேற ஆள் கெடைக்கலியா ஒனக்கு?" என்று கேல்லேயின் மேல் மணலை அள்ளி எறிந்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மறுநாள் உச்சிவெயிலில் முதன்முதலாக மணி கேட்டது.

அதற்கப்புறம் கேல்லே கொடுத்த பாலை யாரும் தொடவில்லை. அவன் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார், அந்த வீட்டில் குவளை தூக்க மாட்டோம் என்று எழுந்து போனார்கள். எல்லாம் என் காதுக்கு வந்தது. என் கொட்டகையில் செய்திக்கு என்ன பஞ்சம்?

போன மாதம் அவன் ஊருக்குள் தோல் விற்க வந்தான். தாடி வெளுத்துவிட்டது. கொட்டகை நிழலின் விளிம்புக்கு வெளியே, வெயிலில் குந்தினான். உள்ளே குடித்துக்கொண்டிருந்த சுமைகூலிக்காரர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. தேநீரும் கேட்கவில்லை.

டொக், டொக்.

தூணில் மணி அசையாமல் தொங்கியது.

"அக்கா, செய்தி என்ன?"

கேல்லேயின் உதடு அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வறண்ட குரலுக்கு அடியில் என் தம்பியின் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"கரபாவில தண்ணி இல்லடா!" என்று கத்தினேன். "தனான்லதான் இருக்கு. கரபா மூடிப் போச்சு. அந்தப் பக்கம் வராத. தெரிஞ்சேதான் கேல்லேகிட்ட மாத்திச் சொன்னேன். நான்தான் சொன்னேன், அவன் பொய் சொல்லல!"

தெற்கு வாசல் காவல்காரன் வரைக்கும் கேட்டிருக்கும். சுமைகூலிக்காரரில் மூத்தவன் கையிலிருந்த குவளையைப் பார்த்தான். மெல்லச் சாய்த்து மணலில் ஊற்றினான். மற்ற மூவரும் ஊற்றினார்கள். எழுந்து போனார்கள்.

கேல்லே எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழு வருஷம், அக்கா" என்றான். தோலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அவன் மகளுக்கு மறுபடி பேச்சு வந்திருப்பதாகக் கேள்வி. என் கொட்டகைக்கு யாரும் வருவதில்லை. என் கையால் வாங்கி யார் குடிப்பார்கள்? வழக்கம் எனக்கும்தானே.

மறுநாள் உச்சிவெயிலில் அடுப்பை மூட்டி, இரண்டு குவளை ஊற்றி வைத்துக் காத்திருந்தேன். மணி கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் தூணிலிருந்து மணியை இறக்கி, நாக்கில் சுற்றிய கந்தலை அவிழ்த்து, என் கையாலேயே ஆட்டிப் பார்த்தேன். விரிசல் விட்ட மரத்தில் மரம் இடிக்கிற சத்தம். அதற்குப் பின்னால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏழு வருடமாக அவன் இந்தச் செய்திக்காகத்தான் என் வாசலில் நின்றிருக்கிறான். சொல்லிவிட்டேன். என் தம்பி போய்விட்டான்.