எடுத்துக் கொடுக்காத வரி

ஒத்திகையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைவது, மேடைக் கதவுத் தட்டிக்குப் பின்னால் வசனத் தாளோடு இருந்த அவளுக்கு இடுக்கு வழியாகத் தெரிந்தது.

"நிறுத்துங்க," என்றார் இயக்குநர். "நீங்க யோசிக்கல சார், பஸ்சுக்குக் காத்திருக்கீங்க."

நாடகத்தில் இரண்டே பேர். மூடிய கதவு ஒன்று, அதன் காவல்காரன், ஒரு வழிப்போக்கன்; கடைக்காரருக்கு வழிப்போக்கன் வேஷம். கடவுள் உண்டா, நாம் உண்டா என்று விடிய விடியப் பேசுவதுபோல் பேசிவிட்டுக் கடைசியில் காவல்காரன் கேட்பான்: "உள்ளே யாருமே இல்லை என்றால் என்ன செய்வாய்?" வழிப்போக்கன் நெடுநேரம் பேசாமல் நிற்பான். பிறகு, "அப்போதும் தட்டுவேன்" என்பான். தட்டுவான். விளக்கு அணையும்.

அந்த மௌனம் அவள் கணவருடையது. முதன்முதலில் இதை மேடையேற்றியபோது அவர்தான் வழிப்போக்கன். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அதைப் பற்றி மட்டுமே பத்திரிகையில் ஒரு பத்தி எழுதினார்கள். அதன்பின் எத்தனையோ மேடைகளில் அவர் அப்படி நின்றார். அவர் போன பிறகு நாடகமும் பரணில் ஏறியது. இப்போது குழு அதைத் தூசி தட்டி எடுத்ததும், "அண்ணி, வசனம் எடுத்துக் கொடுக்க நீங்கதான் வரணும்" என்று இயக்குநர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். முழங்கால் வலியைச் சொல்லாமல் வந்தாள். போட்டோக்களில் அவர் வேறு யாரோபோல் இருந்தார். குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அந்த மௌனத்தை மட்டும் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

தேநீர் நேரத்தில் கடைக்காரர் பின்பக்கப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நான் விலகிக்கிறேன். எனக்குக் கண்ணுக்குப் பவர் பாக்கத்தான் வரும்."

"நாளைக்குக் காட்சிய வச்சுக்கிட்டா?"

"அண்ணன் அங்க என்ன நினைச்சுக்கிட்டு நிப்பாரு? அதையாவது சொல்லுங்க. டைரக்டர் சார் பிரபஞ்சம்ங்கிறாரு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். சொன்னால் அந்த மௌனம் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் போய்விடுவார்.

"பிரபஞ்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொத நாள் அவருக்கு வசனம் மறந்துபோச்சு."

"நீங்க எடுத்துக் குடுக்கலையா?"

"எங்க குடுக்கிறது? பின்திரை கிழிஞ்சு தொங்குது, மாட்டிக்கிட்டிருக்கேன். வாய் நிறைய ஊக்கு. துப்பினா சத்தம் கேக்கும், முழுங்கினா நான் போய்ச் சேந்துடுவேன். கைய ஆட்டுறேன், கால ஆட்டுறேன், மனுஷன் திரும்பிப் பாத்தாத்தானே?"

கடைக்காரர் சிரித்ததில் தேநீர் சட்டையில் சிந்தியது. "சாருக்குத் தெரியுமா?"

"அன்னிக்குத் தெரியும். பத்திரிகை வந்தப்புறம் மறந்துட்டாரு."

"அப்புறம் ஏங்க்கா அண்ணன் எல்லா மேடையிலயும் அப்படி நின்னாரு?"

"நெஜமாவே அந்தக் கேள்வி அவரப் புடிச்சுக்கிச்சு போல. வீட்லயும் சில நாள், தண்ணி குடிக்க எந்திரிச்சவரு டம்ளரோட அப்படியே நிப்பாரு."

"இப்ப நான் என்ன பண்றது?"

"காவல்காரன் கேட்டதும் சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் மறக்கலையே."

சொல்லிவிட்டு எழுந்தாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

காட்சியன்று பாதி அரங்கு நிரம்பியிருந்தது. காவல்காரன் கேட்டான்.

"அப்போதும் தட்டுவேன்."

மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை. காலையில் கடையின் ஷட்டரைத் தூக்குகிறவர்போலச் சொன்னார். எதிர்ப்பக்கத் திரையோரம் இயக்குநர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

ஒத்திகைகளில் விரல் நுனியால் தட்டியவர் இன்று முஷ்டியால் தட்டினார். கதவுத் தட்டி முழுதும் ஆடியது. அவள் இருந்த பக்கம் வண்ணம் அடிக்காத வெறும் பலகை. ஆணி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. தட்டி விழுந்துவிடாமல் இருக்க அவற்றுக்கு நடுவே உள்ளங்கையை ஊன்றினாள். அடுத்த தட்டு நேராக அவள் கையில் வந்து விழுந்தது.

விளக்கு அணைந்தது. யாரும் கைதட்டவில்லை, ஒரு இருமல்கூட இல்லை. இருட்டில், பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் கையை எடுக்கவில்லை.